ஒரே பெயரில் இரண்டு கோப்புகள்!

ஒரு வகுப்பில் ஒரே பெயருடைய இரண்டு மாணவர்கள் இருப்பதுண்டு. தலைப்பெழுத்தைச் சேர்த்துக் கூப்பிட்டு ஆசிரியர் சமாளித்துக்கொள்வார். கணிப்பொறியில் இந்தச் சலுகை கிடையாது. ஓர் உறைக்குள் ஒரு பெயருக்கு ஒரு கோப்புதான் இருக்க முடியும். அதே பெயரில் இன்னொன்றை வைக்கப் போனால், "பழையதை மாற்றிவிடட்டுமா?" என்று கணிப்பொறி கேட்கும். இது நீங்கள் அறிந்ததே.

ஆனால் சென்ற ஆண்டு பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் ஒரு புதிரைக் கொண்டுவந்தாள். அவளுடைய பள்ளிக் கணிப்பொறியில், ஒரே உறைக்குள், 'கொடி' என்ற பெயரில் இரண்டு கோப்புகள் அடுத்தடுத்து இருந்தன! எழுத்துப் பிழை இல்லை; இடைவெளி வேறுபாடு இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன.

பார்ப்பதற்கு இது வேடிக்கை. அவளுக்கோ அழுகை வராத குறை. பள்ளி ஆண்டு மலருக்காக அவள் படர்கொடிகளைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்தாள். வெற்றிலைக் கொடி பற்றுக்கம்பியால் ஏறுகிறது என்று அதில் ஒரு தவறு. பற்றுக்கம்பி அல்ல, கணுக்களில் முளைக்கும் வேர்களாலேயே வெற்றிலை பற்றி ஏறுகிறது என்று அவளே பிறகு தெரிந்துகொண்டு திருத்தம் சொன்னாள். மலருக்கான பதினொரு கட்டுரைகளும் ஒரு டி.டி.பி. நிலையத்துக்குப் போயின. அங்கிருந்த பழைய மேக் கணிப்பொறியில் திருத்தங்கள் செய்யப்பட்டு, எல்லாம் ஒரே 'ஜிப்' கட்டாகத் திரும்பி வந்தன. பள்ளியின் லினக்ஸ் கணிப்பொறியில் கட்டை அவிழ்த்தபோது, "மாற்றிவிடட்டுமா?" என்று எட்டு முறை கேட்டது, எட்டு முறையும் 'ஆம்' என்று சொன்னார்கள். மற்ற மூன்றுக்குக் கேட்கவே இல்லை. அதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

பின்னர் கட்டுரைகளை ஒன்றுசேர்க்கும் சிறு நிரலில் ஆசிரியர் ஒவ்வொரு பெயராகத் தட்டச்சு செய்தார். 'கொடி' என்றதும் நிரல் ஒரு கோப்பை எடுத்துக்கொண்டது. அது பழைய கோப்பு! அச்சில் வந்த மலரில், அவள் பெயருக்குக் கீழே, வெற்றிலை பற்றுக்கம்பியால்தான் ஏறிக்கொண்டிருந்தது.

இரட்டையாகிப்போன மூன்று கோப்புகள்: 'கொடி', 'கோலம்', 'கௌதாரி'. ஒழுங்காக நடந்துகொண்ட எட்டில் சில: 'மழைநீர்', 'பனைமரம்', 'எறும்பு'. இந்தப் பெயர்களைச் சற்று உற்றுப் பாருங்கள். துப்பு அவற்றிலேயே இருக்கிறது. அதற்குள் நாம் கொஞ்சம் பின்னோக்கிப் போய்விட்டு வருவோம்.

எழுத்து அல்ல, எண்

கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்று மனிதர்கள் கூடிப் பேசி ஒரு பட்டியல் போட வேண்டும். அமெரிக்காவில் 1963இல் வெளியான 'ஆஸ்கி' அத்தகைய பட்டியல். அதில் 0 முதல் 127 வரை 128 எண்கள். ஆங்கிலப் பெரிய 'ஏ'வுக்கு 65, சிறிய 'ஏ'வுக்கு 97. பட்டியலைப் போட்டவர்கள் ஆங்கிலத்தை மனத்தில் வைத்துப் போட்டார்கள். தமிழை விடுங்கள், பிரெஞ்சுக்காரர் தம் 'ஈ' எழுத்தின் தலையில் போடும் சாய்கோட்டுக்குக்கூட அதில் இடமில்லை.

எட்டு பிட்டுகள் கொண்ட ஒரு பைட்டில் 256 எண்களை எழுதலாம். ஆஸ்கி பாதியைத்தான் எடுத்துக்கொண்டது. மீதி 128 வீடுகள் காலி! காலி மனையைக் கண்டால் விடுவார்களா? ஆளாளுக்குக் குடியேறினார்கள். அந்தப் பிரெஞ்சு 'ஈ'யையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஐ.பி.எம். கணிப்பொறியில் அதன் எண் 130. மேக் கணிப்பொறியில் 142. விண்டோஸில் 233. ஒரே எழுத்து, மூன்று எண்கள்! தமிழிலும் 1990களில் 'திஸ்கி' என்றும், 'டாம்', 'டாப்' என்றும் பல பட்டியல்கள் இதே காலி வீடுகளைப் பங்கிட்டுக்கொண்டன. ஒரு பட்டியலில் எழுதியதை இன்னொன்றால் படித்தால் குப்பைதான் வரும்.

கோப்பின் உள்ளே இருப்பது குப்பையாகத் தெரிந்தால், வேறு பட்டியலை வைத்துத் திறந்து பார்க்கலாம். கோப்பின் பெயரே குப்பையானால்? பெயர்தான் பூட்டின் சாவி. சாவி பொருந்தாவிட்டால் கோப்பு வட்டில் இருந்தும் இல்லாதது போலத்தான்.

படிக்காத அஞ்சல்காரர்

1969இல் பெல் ஆய்வகத்தில் பிறந்தது யூனிக்ஸ் என்னும் இயங்குதளம். இன்றைய லினக்ஸ் அதன் வழியில் வந்தது. கோப்புப் பெயரைப் பொறுத்தவரை இது ஒரு விந்தையான அஞ்சல்காரர்: முகவரியைப் படிப்பதில்லை, பைட்டுகளை அப்படியே வைத்துக்கொள்ளும். தமிழா, சீனமா என்று கேட்காது. இரண்டே எண்களுக்கு மட்டும் தடை. ஒன்று 0; பெயர் முடிந்தது என்பதற்கு அதுவே அடையாளம். மற்றது 47, அது '/' என்ற சாய்கோடு. உறையையும் கோப்பையும் பிரித்துக் காட்ட அது வேண்டும்.

மைக்ரோசாஃப்ட்டின் டாஸ் இயங்குதளம் இதே வேலைக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்த '\' கோட்டை எடுத்துக்கொண்டது. அதன் எண் 92. இதனால் ஜப்பானியர் பட்ட பாடு கொஞ்சமல்ல. 'ஷிஃப்ட்-ஜிஸ்' என்ற ஜப்பானியப் பட்டியலில் பெரும்பாலான எழுத்துகளுக்கு இரண்டிரண்டு பைட்டுகள். அவர்களுடைய 'ஸோ' என்ற எழுத்துக்கு 131, 92. இரண்டாவது பைட்டைக் கவனித்தீர்களா? ஜப்பானிய எழுத்தை அறியாத நிரல், 'ஸோ' வந்த இடத்திலெல்லாம் ஓர் உறை முடிந்துவிட்டதாக நினைத்துப் பெயரை இரண்டாக வெட்டியது!

உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் ஒரே பட்டியல் என்ற நோக்குடன் 1991இல் யூனிகோடு வெளிவந்தது. தமிழுக்கு 2944 முதல் 3071 வரை ஒதுக்கப்பட்டது. 'க' என்றால் 2965. அதன்பின் யாரும் யாருடைய வீட்டிலும் குடியேற வேண்டியதில்லை. சிக்கல் தீர்ந்ததா? அதுதான் இல்லை. 2965 என்ற எண் ஒரு பைட்டுக்குள் அடங்காது. அதை எப்படிப் பைட்டுகளாக உடைத்து எழுதுவது?

எளிய வழி, எல்லா எழுத்துக்கும் இரண்டு பைட்டுகள் கொடுப்பது. 2965ஐ 256ஆல் வகுத்தால் ஈவு 11, மீதி 149. ஆகவே 'க' என்பது 11, 149. நல்லதுதான். ஆனால் ஆங்கில 'ஏ' 0, 65 ஆகிவிடும். யூனிக்ஸின் கண்ணில் 0 பட்டால் பெயர் அங்கேயே முடிந்தது! தேவநாகரி 'ய' இன்னும் வேடிக்கை. அதன் எண் 2351. உடைத்தால் 9, 47. நாற்பத்தேழு, அதாவது சாய்கோடு! மலையாள 'ய'வுக்கும் தெலுங்கு 'ய'வுக்கும் இதே கதி. தமிழ் 'ய' மட்டும் 11, 175 என்று தப்பித்துக்கொள்கிறது. நம் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. பட்டியலில் நமக்குக் கிடைத்த வரிசை அப்படி.

உணவு விடுதியில் ஒரு கணக்கு

1992 செப்டம்பரில் ஓர் இரவு. அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஓர் உணவு விடுதி. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சனும், அவருடன் பெல் ஆய்வகத்தில் பணிபுரிந்த ராப் பைக்கும் சாப்பிட உட்கார்ந்தார்கள். கோப்புப் பெயருக்கு ஊறு செய்யாத ஒரு முறை பற்றி அப்போது 'எக்ஸ்-ஓப்பன்' என்ற கூட்டமைப்பு யோசித்துக்கொண்டிருந்தது. அதைவிட நல்ல முறை ஒன்றைத் தட்டின் கீழே விரிக்கும் தாளிலேயே தாம்ப்சன் எழுதிக் காட்டினார். சில நாட்களுக்குள் அவர்களுடைய 'பிளான் 9' இயங்குதளம் முழுவதும் அதற்கு மாறிவிட்டது. அதுதான் இன்று இணையம் முழுவதும் புழங்கும் 'யூ.டி.எஃப்-8'. தொடக்கத்தில் அது 'கோப்பு முறைமைக்குப் பாதுகாப்பானது' என்று பொருள்படும் அடைமொழியோடு வழங்கியது. ஆம், அது பிறந்த காரணங்களுள் முக்கியமானது கோப்புப் பெயர்!

அந்த முறையை நீங்களே காகிதத்தில் செய்து பார்க்கலாம். 128க்குக் கீழ்ப்பட்ட எண்களை மாற்ற வேண்டாம். பழைய ஆஸ்கி அப்படியே இருக்கட்டும். தமிழ் எழுத்துகளின் எண்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு. 'க'வின் 2965ஐ 64ஆல் வகுங்கள். ஈவு 46, மீதி 21. அந்த 46ஐ மீண்டும் 64ஆல் வகுத்தால் ஈவு 0, மீதி 46. கடைசி ஈவோடு 224ஐயும், மீதிகளோடு 128ஐயும் கூட்டுங்கள். கிடைப்பவை 224, 174, 149. இவையே 'க'வின் மூன்று பைட்டுகள்.

இதில் என்ன சூட்சுமம்? மூன்று எண்களும் 128க்கு மேல். எந்தத் தமிழ் எழுத்தை எடுத்தாலும் 128க்குக் குறையாது. கூட்டுவது குறைந்தது 128 அல்லவா? ஆகவே 0 வராது, 47 வராது, 92 வராது. ஒகர உயிர்மெய்க்குரிய 'ொ' என்ற குறியை எடுங்கள். அதன் எண் 3018. 64ஆல் வகுத்தால் ஈவு 47, மீதி 10. அடடா, 47 தலைகாட்டுகிறதே என்று பயப்பட வேண்டாம். 128ஐக் கூட்டியதும் அது 175 ஆகிவிடுகிறது. 224, 175, 138 என்று பத்திரமாகப் போய்ச் சேர்கிறது. யூனிக்ஸ் அஞ்சல்காரர் ஒரு மாற்றமும் செய்யாமலே தமிழ்ப் பெயரைச் சுமக்கத் தொடங்கியது இப்படித்தான்.

இதற்குக் கொடுக்கும் விலை ஒன்றுண்டு. லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட்டுகள்தான் எல்லை. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு என்பதால் 85 குறிகளோடு பெயர் முடிந்துவிடும். கதை போல நீண்ட பெயர் வைப்பவர்கள் கவனிக்கவும்!

இரண்டு வாயில்கள்

1993இல் வந்த விண்டோஸ் என்.டி. வேறு வழியில் போனது. வட்டில் பெயர்களை இரண்டிரண்டு பைட்டுகளாகவே, யூனிகோடு எண்ணாகவே எழுதி வைத்தது. அங்கே 0, 47 என்ற தொல்லை இல்லை. ஏனெனில் அது பைட்டைப் பார்ப்பதில்லை, முழு எண்ணையும் சேர்த்துப் பார்க்கிறது. ஆனால் அதற்கு முன் எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான நிரல்கள் என்னாவது? அவற்றுக்காக இரண்டு வாயில்கள் வைத்தார்கள். கோப்பைத் திறக்கும் ஆணை, 'டபிள்யூ' என்று முடிந்தால் புதிய வாயில். 'ஏ' என்று முடிந்தால் பழைய வாயில். பழைய வாயிலில் நுழையும் பெயர், அந்தந்த நாட்டின் பழைய பட்டியலின்படி மாற்றப்படும்.

இங்கேதான் நூலகங்கள் வருகின்றன. புத்தக நூலகம் அல்ல; நிரல் நூலகம். கோப்பைத் திற, படத்தைச் சுருக்கு, பாட்டை ஒலிக்கச் செய் என்ற வேலைகளை ஒவ்வொருவரும் புதிதாக எழுதுவதில்லை. ஒருவர் எழுதி வைத்ததை ஆயிரம் பேர் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். ஒரு பெயர் உங்கள் விரலிலிருந்து வட்டுக்குப் போகும்முன் நிரல், ஒரு நூலகம், அதற்கடியில் இன்னொரு நூலகம் என்று பல கைகள் மாறும். இடையில் ஒரே ஒருவர் முகவரியைத் தப்பாகப் புரிந்துகொண்டு 'திருத்தி' எழுதினால் போதும்.

1970களில் பிறந்த 'சி' மொழியின் நூலகத்தில் கோப்பைத் திறக்கும் ஆணைக்கு 'எஃப்-ஓப்பன்' என்று பெயர். பெயரைப் பைட்டுகளாக வாங்கி அப்படியே கொடுப்பது அதன் வேலை. லினக்ஸில் ஒரு தொல்லையும் இல்லை. விண்டோஸிலோ அது நெடுங்காலம் பழைய வாயிலைத்தான் தட்டியது. அந்த வாயிலுக்கான பட்டியல்களில் தமிழுக்கென்று ஒன்று இருந்ததே இல்லை. ஆகவே லினக்ஸில் எழுதிச் சரிபார்த்த நூலகம் 'க'வின் 224, 174, 149ஐ விண்டோஸிடம் கொடுத்தால், மேற்கு ஐரோப்பியப் பட்டியலின்படி அது சாய்கோடு போட்ட ஒரு 'ஏ', வட்டத்துக்குள் ஓர் 'ஆர்', ஒரு கரும்புள்ளி என்று மூன்று எழுத்துகளாகிவிடும். தமிழ்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அந்த 'ஏ'யும் வட்ட 'ஆர்'உம் மாறி மாறி வருவதை நீங்கள் எங்காவது பார்த்திருக்கலாம். இனிப் பார்த்தால் அடையாளம் கண்டுகொள்ளுங்கள்: அது கெட்டுப்போன கோப்பல்ல, தவறான பட்டியலால் படிக்கப்பட்ட நல்ல தமிழ்.

இதைவிட மோசமானது கேள்விக்குறி. பழைய வாயில் வழியாக, "இந்த உறையில் என்னென்ன கோப்புகள்?" என்று ஒரு நிரல் கேட்டால், தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் பதிலாக '?' வரும். 'கொடி' என்பது நான்கு கேள்விக்குறி. அதே பெயரைச் சொல்லித் திறக்கப் போனாலோ, பெயரில் '?' கூடாது என்பது விண்டோஸின் விதி! பெயரைக் கொடுத்ததும் அதுதான். அப்படிப் பெயரே கிடையாது என்பதும் அதுதான். முக்கியமான கோப்புகளை நகலெடுத்து வைக்கும் ஒரு நிரல் இப்படி எழுதப்பட்டிருந்தால், தமிழ்ப் பெயருடைய கோப்புகளை மட்டும் சத்தமில்லாமல் விட்டுவிடும். வட்டு பழுதாகும் நாளில்தான் அது தெரியவரும். தமிழில் பெயர் வைக்கத் தெரிந்தும் பலர் ஆங்கில எழுத்தில் வைப்பதற்கு இத்தகைய பட்டறிவே காரணம். அதைத் தமிழ்ப் பற்றின்மை என்று நான் சொல்லமாட்டேன்.

விண்டோஸ் 10இன் 2019ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து, பழைய வாயிலிலும் யூ.டி.எஃப்-8 தான் பேசுவேன் என்று ஒரு நிரல் முன்கூட்டியே அறிவித்துவிட முடிகிறது. ஆனால் அறிவிக்க வேண்டும், தானாக நடக்காது.

கொம்பும் காலும்

இப்போது நம் மாணவியின் புதிருக்கு வருவோம். துப்பைக் கண்டுபிடித்தீர்களா? இரட்டையான மூன்று பெயர்களிலும் ஒ, ஓ, ஔ வரிசை எழுத்து இருக்கிறது. மற்றவற்றில் இல்லை.

'கொ' என்று எழுதும்போது 'க'வுக்கு முன்னே ஒற்றைக்கொம்பு, பின்னே துணைக்கால். யூனிகோடு இதை இரண்டு விதமாக எழுத இடம் தருகிறது. கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக 3018 என்று எழுதலாம். அல்லது கொம்புக்கு 3014, காலுக்கு 3006 என்று தனித்தனியாகவும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு விதியும் சொல்கிறது. திரையிலும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் எண்கள் வேறு! 'கொடி' என்பதைச் சேர்த்து எழுதினால் நான்கு குறிகள், 12 பைட்டுகள். பிரித்து எழுதினால் ஐந்து குறிகள், 15 பைட்டுகள்.

1998இல் ஆப்பிள் நிறுவனம் கொண்டுவந்த வட்டு முறையில், எந்தப் பெயர் வந்தாலும் பிரித்து எழுதியே வைப்பது என்று விதி செய்தார்கள். ஒரு வட்டுக்குள் ஒரே பெயர் இரண்டு விதமாக இருக்கக்கூடாது என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் சேர்த்துத் தட்டச்சு செய்த பெயர் பிரிந்து வெளியே போகிறதே! டி.டி.பி. நிலையத்துப் பழைய மேக்கில் நடந்தது இதுதான். பள்ளியிலிருந்து 12 பைட்டாகப் போன 'கொடி', 15 பைட்டாக ஜிப் கட்டுக்குள் ஏறியது. லினக்ஸ் அஞ்சல்காரர் எழுத்துகளைப் படிப்பதில்லையே! பைட்டுகள் வேறு, ஆகவே கோப்பும் வேறு என்று பக்கத்திலேயே இன்னொரு இடம் கொடுத்துவிட்டார். ஆசிரியர் தட்டச்சு செய்த 'கொடி' 12 பைட்டு. அதனால் பழைய கட்டுரையே கிடைத்தது. யாரும் தவறு செய்யவில்லை. ஆனாலும் தவறு நடந்துவிட்டது. 2017இல் ஆப்பிள் மேக்குக்குக் கொண்டுவந்த புதிய வட்டு முறை, கொடுத்த பெயரைக் கொடுத்தபடியே வைத்துக்கொண்டு, தேடும்போது மட்டும் இரண்டு வடிவத்தையும் ஒன்றாகக் கொள்கிறது. இதுவே சரியான முறை என்பது என் கருத்து.

நிரல் எழுதுவோருக்கு ஒரு சொல். தமிழில் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, பெரும்பாலோர் 'தமிழ்' என்ற பெயரிலேயே ஒரு கோப்பைச் செய்து பார்ப்பார்கள். இந்தச் சொல்லில் பிரிவதற்கு ஒன்றுமில்லை, எப்போதும் தேறிவிடும். 'மொழி' என்று வைத்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்!

பைத்தான் மொழியின் கதையும் இங்கே பொருந்தும். 2008இல் அதன் மூன்றாம் பதிப்பு வந்தபோது, படிக்க முடியாத பெயருடைய கோப்புகளைப் பட்டியலிலிருந்தே விட்டுவிட்டது. அடுத்த ஆண்டே திருத்திக்கொண்டார்கள். புரியாத பைட் ஒவ்வொன்றையும் எழுத்தாக மாற்ற முயலாமல், தனியே ஒதுக்கிய ஓர் எண்ணில் பொதிந்து வைப்பது. திருப்பிக் கொடுக்கும்போது அதே பைட்டாக அவிழ்த்துக் கொடுப்பது. புரியாவிட்டால் பரவாயில்லை, மாற்றாமல் கொடு என்பதுதான் அதன் சாரம்.

இத்தனையும் கேட்டபின் மாணவி தன் பள்ளிக்குத் திரும்பி, பைத்தானில் பத்து வரி நிரல் ஒன்றை எழுதினாள். உறையிலுள்ள ஒவ்வொரு பெயரையும் சேர்த்து எழுதும் வடிவத்துக்கு மனக்கணக்காக மாற்றிப் பார்த்து, இரண்டு கோப்புகள் ஒன்றாக வந்தால் அவற்றின் பைட் எண்ணிக்கையோடு திரையில் காட்டும். அதற்கான நூலகம் பைத்தானோடேயே வருகிறது. பெயர்களை அது தொடாது. காட்ட மட்டுமே செய்யும். ஆண்டு மலர் உறையில் எதிர்பார்த்தபடி மூன்று இரட்டைகள் வந்தன. பிறகு முந்தைய ஆண்டுகளின் உறைகளிலும் அதை ஓடவிட்டாள். 'மொழி வளம்' என்று இன்னோர் இரட்டை அகப்பட்டது. எழுதிய மாணவன் பள்ளியை விட்டுப் போய்விட்டான். அச்சிட்ட மலரை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் வந்தது எந்தக் கோப்பு என்று ஆசிரியர் வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.